ஈசினோபீலியாவும் வாசல் நாய்க்குட்டியும்

நெசவாளர் தெருவிலும் தோட்டக்காரர் வீட்டிலும் இன்று ‘ஈசினோபீலியா’ என்னும் சொல்லை அறியாதார் இலர். குழந்தைக்கு இருமல் நீடித்தாலும், பெரியவருக்கு இரவில் இழுப்பு வந்தாலும், “இரத்தத்தில் ஈசினோபீலியா ஏறியிருக்கிறது” என்று கூறி, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுத் தறிக்கோ வயலுக்கோ திரும்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. மாத்திரை தீர்ந்து சில வாரங்கள் சென்றபின் இருமல் மீண்டும் வந்தால், அதே மாத்திரையை மீண்டும் வாங்குகிறோம். இவ்வழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பது எம் முதற் கருத்து. அந்த எண்ணிக்கை உயர்ந்ததற்குரிய காரணம், சில வேளைகளில், நம் வாசலில் குழந்தைகளோடு விளையாடும் நாய்க்குட்டியிடத்தும் பூனைக்குட்டியிடத்தும் இருக்கக்கூடும் என்பது இரண்டாவது. அதனைத் தடுக்கும் பணி ஒரு தனி வீட்டால் முற்றுப்பெறாது, சங்கம் ஒன்றினால்தான் முற்றுப்பெறும் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் அங்கத்தினர்களின் ஆராய்ச்சிக்கு வைக்கிறோம்.

சாயத் தொட்டியோடு பழகிய நம்மவர்க்கு இச்சொல்லின் பொருளை விளக்குதல் எளிது. ஈசின் என்பது ஒரு சாயம். பட்டுக்கும் கம்பளிக்கும் இளஞ்சிவப்பு நிறம் ஏற்ற ஒரு காலத்தில் அது பயன்பட்டது. ஜெர்மனி தேசத்து அறிஞர் பால் எர்லிக் என்பார், இரத்தத்தைக் கண்ணாடியில் தடவிச் சாயமேற்றிப் பார்த்தபோது, வெள்ளணுக்களில் ஒருவகை மட்டும் இந்தச் சாயத்தை ஆவலோடு பற்றிக்கொள்வதைக் கண்டு, 1879-ஆம் ஆண்டில் அதற்கு ஈசினோபில் என்று பெயரிட்டார். ஈசினை விரும்புவது என்பதே அதன் பொருள். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவ்வணுக்கள் 500-க்கு உட்பட்டிருத்தல் இயல்பு. அதற்கு மேற்பட்டால், உடம்பு எதனோடோ போராடிக்கொண்டிருக்கிறது என்று அறியலாம். எதனோடு என்பதை அந்த எண் சொல்லாது. ஊர்க் காவற்காரன் சீழ்க்கை ஊதினால், வந்தவன் திருடனோ, வழி தவறிய மாடோ, நாமே போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஈசினோபீலியா என்பது அந்தச் சீழ்க்கை ஒலியே.

ஓர் அடையாளம் நோயின் பெயராகவே நம் நாட்டில் வழங்கலானதற்கு ஒரு வரலாறு உண்டு. 1940-ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள காசநோய் மருத்துவ நிலையத்தில் பணிபுரிந்த டாக்டர் பிரிமோட் மோலரும் அவருடைய துணைவர் டாக்டர் பார்ட்டனும், காசநோய் போலத் தோன்றியும் காசநோய் அல்லாத ஒரு நுரையீரல் நோயை விவரித்தார்கள். அந்நோயாளரின் இரத்தத்தில் ஈசினோபில் அணுக்கள் மிகுந்திருந்தன. 1943-ஆம் ஆண்டில் வைங்கார்ட்டன் என்பார் இதற்கு ‘வெப்பநாட்டு ஈசினோபீலியா’ என்று பெயர் சூட்டினார். யானைக்கால் நோயை உண்டாக்கும் நுண்புழுக்களுக்கு எதிராக உடம்பு கொள்ளும் கடுஞ்சினமே இதற்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அந்த ஒரு நோய்க்கு ஏற்பட்ட பெயர் நாளடைவில் எல்லா இழுப்புக்கும் எல்லா இருமலுக்கும் பொதுப் பெயராய் நம்மிடையே நிலைத்துவிட்டது. ஆனால், ஆஸ்துமா, ஒவ்வாமை, கொக்கிப்புழு, சில மருந்துகளால் விளையும் தீங்கு, அரிதாகச் சில இரத்த நோய்கள் ஆகிய பலவற்றிலும் இவ்வணுக்கள் பெருகும். ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. ஆகவே, காரணம் அறியாமல் மாத்திரை விழுங்குதல், இருட்டில் கல்லெறிதலை ஒக்கும்.

அக்காரணங்களுள் அதிகம் பேசப்படாத ஒன்றைப் பற்றியே இங்கு விரிவாகக் கூற விரும்புகிறோம். நாயின் குடலில் வாழும் உருளைப்புழு ஒன்று உண்டு. பூனையிலும் அதன் இனத்தைச் சேர்ந்த மற்றொன்று உண்டு. இவ்விரண்டையும் மருத்துவர் டாக்ஸோகாரா என்பர். தாய்நாயின் தசைகளில் உறங்கிக் கிடக்கும் இதன் இளம்புழுக்கள், அது கருவுற்றிருக்கும்போது விழித்தெழுந்து, கருவிலிருக்கும் குட்டிகளையே சென்றடைகின்றன. பிறந்த பின்னர்த் தாய்ப்பால் வழியாகவும் செல்கின்றன. பூனைக்குட்டிக்குப் பெரும்பாலும் பால் வழியாகவே செல்லும். ஆதலின் புழுநீக்கம் செய்யப்படாத தாய்க்குப் பிறந்த குட்டிகளில் புழு இல்லாத குட்டியைக் காண்பது அரிது. குட்டி பிறந்து ஒரு மாதத்திற்குள் அப்புழுக்கள் முதிர்ந்து முட்டையிடத் தொடங்குகின்றன. ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 1 இலட்சத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. அவை கண்ணுக்குத் தெரியா.

இம்முட்டைகள் மலத்தோடு வெளிவந்த அன்றே தீங்கு செய்வனவல்ல. மண்ணின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்ப, 1 முதல் 4 வாரங்கள் வரை கிடந்து, உள்ளே இளம்புழு உருவான பின்னரே நச்சுத்தன்மை அடைகின்றன. அதன்பின் மாதக்கணக்காக, ஏற்ற மண்ணில் ஆண்டுக்கணக்காகவும், உயிரோடு கிடக்கின்றன. மழையில் மலம் கரைந்து மறைந்துவிடும். முட்டையோ மண்ணோடு மண்ணாய் நிற்கும். பினாயில் தெளித்தால் போய்விடும் என்று எண்ணுவார்க்கு ஒன்று சொல்வோம். ஆய்வுக்கூடங்களில் இம்முட்டைகளை நீர்த்த பார்மலின் கரைசலில் இட்டுத்தான் கரு வளரச் செய்கிறார்கள். அத்தகைய உறுதி வாய்ந்த ஓடு அதற்கு இருக்கிறது. கொதிநீரும் கடும் வெயிலின் உலர்வுமே அதனை அழிக்கும்.

மண் ஒட்டிய கையாலோ, கழுவாத கீரையாலோ இம்முட்டை மனிதர் வயிற்றுக்குள் சென்றால், சிறுகுடலில் ஓடு பிளந்து இளம்புழு வெளிப்படுகிறது. மனித உடம்பு அதற்கு உரிய இடமன்று. ஆகவே அது முதிர்ந்து பெரும் புழுவாவதில்லை. குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு கலந்து, கல்லீரல், நுரையீரல், கண், மூளை என்று வழி தெரியாதவன் போல் அலைகிறது. அது செல்லும் இடமெல்லாம் ஈசினோபில் அணுக்கள் படைதிரண்டு செல்கின்றன. காய்ச்சல், இருமல், இழுப்பு, வயிற்று வலி, அயர்ச்சி, தோல் தடிப்பு, கல்லீரல் வீக்கம் ஆகியன இதன் விளைவுகள். 1952-ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள நியூ ஆர்லியன்சு நகரில், பால் பீவர் என்பாரும் அவர் குழுவினரும், நெடுநாளாக ஈசினோபில் மிகுந்திருந்த மூன்று குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். கல்லீரலிலிருந்து எடுத்த திசுவில் அகப்பட்டது நாயினத்தின் உருளைப்புழுவே என்று அவர்கள் நிறுவினார்கள். மனிதர் உடம்பினுள் இப்புழு அலைதலால் ஒரு நோய் உண்டு என்னும் உண்மை அவ்வாறுதான் மருத்துவ உலகில் உறுதிப்பட்டது.

கண்ணைப் பற்றித் தனியே கூற வேண்டும். 1950-ஆம் ஆண்டில் ஹெலனார் வைல்டர் என்னும் அம்மையார், புற்றுக்கட்டி என்று கருதி அறுத்தெடுக்கப்பட்ட குழந்தைகளின் கண்கள் பலவற்றை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அவற்றுள் சிலவற்றில் கட்டி இல்லை, புழுவின் சுவடே இருக்கிறது என்று கண்டறிந்தார். அப்புழு டாக்ஸோகாராவே என்பது 1956-இல் தெளிவாயிற்று. கட்டியே இல்லாத கண்ணைக் குழந்தைகள் இழந்திருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கலங்குகிறது. பெரும்பாலும் ஒரு கண்ணே கெடும். குழந்தை தானாக ஒன்றும் சொல்லாது. ஒரு கண் ஓரமாய்த் திரும்புதல், கண்மணி வெண்மையாய்த் தெரிதல், ஒரு கண்ணை மூடினால் குழந்தை தடுமாறுதல் ஆகிய குறிகளைப் பெற்றோர் அலட்சியம் செய்தலாகாது. மேலும், கண்ணில் மட்டும் புழு தங்கும்போது இரத்தத்தில் ஈசினோபில் எண்ணிக்கை உயராமலே இருக்கக்கூடும். எண் சரியாக இருக்கிறது என்று வாளாவிருத்தல் தவறு. கண் மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டும்.

இவற்றைக் கூறுவது அச்சமூட்டுவதற்கன்று. இம்முட்டையை விழுங்கியவர்களுள் பெரும்பாலோர்க்கு நோய்க்குறி ஒன்றும் தோன்றுவதில்லை. பலருக்குத் தானே தணிந்துவிடுகிறது. “எம் பாட்டன் காலந்தொட்டு நாயோடும் பூனையோடும் வாழ்ந்து வருகிறோம், யாருக்கு என்ன வந்தது?” என்று கேட்கும் பெரியவர்களின் கேள்வியில் அவ்வளவில் உண்மை உண்டு. ஆயினும், பாட்டன் காலத்தில் பார்வை மங்கிய குழந்தைக்கு அதன் காரணத்தைச் சொல்லத்தக்கவர் ஊரில் இருந்தனரா? காரணம் தெரியாமையால் அதனை விதி என்று விட்டுவிட்டனர். இன்று காரணம் தெரிகிறது. தடுக்கும் வழியும் எளிது. அதன்பின்னும் ஒரு குழந்தையின் கண் போகுமாயின், அதனை விதி என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஈசினோபில் எண்ணிக்கை உயர்ந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட அங்கத்தினர் மருத்துவரிடம் செல்லும்போது, கேட்கப்படாவிடினும், சில செய்திகளைத் தாமே சொல்ல வேண்டும். வீட்டில் நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ உண்டா? குழந்தைக்கு மண் தின்னும் பழக்கம் உண்டா? தமக்கு மண்ணில் கை வைத்துச் செய்யும் வேலையா? ஈரல் முதலியவற்றை அரைவேக்காட்டில் உண்ணும் பழக்கம் உண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்டு வியக்க வேண்டா. கொரியாவிலும் ஜப்பானிலும் மாட்டின் ஈரலைப் பச்சையாக உண்டு இந்நோய்க்கு ஆளான பெரியவர்கள் பலர் உளர். கால்நடைகளும் முட்டையை மேய்ந்து விழுங்குவதால், அவற்றின் ஈரலில் இளம்புழு தங்கும்.

மலச் சோதனையில் புழு இல்லை என்று வந்தால் கவலை தீர்ந்தது என்று கருதலாகாது. மனிதர் குடலில் இப்புழு முட்டையிடுவதே இல்லை ஆகையால், மலத்தில் அது தென்படாது. இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளைக் காணும் ‘எலைசா’ என்னும் சோதனையே இதற்கு உரியது. அதிலும், பழைய தொற்றின் அடையாளம் நெடுநாள் நிற்கக்கூடும். வேறு உருளைப்புழுக்களாலும் அது மயங்கக்கூடும். ஆதலின் சோதனைத் தாளையும் நோயாளியின் நிலையையும் சேர்த்து நோக்கி மருத்துவர்தாம் முடிவு கூற வேண்டும். 2015-ஆம் ஆண்டு முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் குழந்தைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்பட்டு வருகிறது. அது மிக நன்று. எல்லாக் குழந்தைகளும் அதனை உண்ணல் வேண்டும். ஆனால் அந்த ஒருவேளை மாத்திரை குடலில் தங்கும் புழுக்களை ஒழிப்பதற்கானது. உடம்பினுள் அலையும் நாய்ப்புழுவுக்கு அதே மருந்தை மருத்துவர் பல நாட்கள், வேறு அளவில் தருவார்.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. இழுப்பு உடனே அடங்குகிறது என்று ஸ்டீராய்டு மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி உண்பார் சிலர் உளர். செருப்பின்றி வயலில் இறங்குவோர்க்குத் தோல் வழியே நுழையும் ஸ்டிராங்கிலாய்டிஸ் என்னும் வேறொரு புழுவும் ஈசினோபிலை உயர்த்தும். அது உடம்பில் இருக்கும்போது ஸ்டீராய்டு உட்கொண்டால், புழு கட்டுக்கடங்காமல் பெருகி உயிருக்கே ஊறு நேரும். மருத்துவர் சொல்லாமல் அம்மருந்தைத் தொடாதிருப்பதே அறிவுடைமை.

இனி, தடுக்கும் வழியைப் பார்ப்போம். ‘நாய்களையெல்லாம் ஊரைவிட்டு விரட்டிவிட்டால் போயிற்று’ என்பார் சிலர். இக்கூற்றை யாம் ஏற்கவில்லை. தோட்டத்தைக் காப்பது நாய். நூற்கட்டையும் தானிய மூட்டையையும் கடிக்கும் எலியை அடக்குவது பூனை. அவை நம் தொழிலுக்குத் துணைகள். அன்றியும், நாயை விரட்டினால் மண்ணில் கிடக்கும் முட்டை உடன் போவதில்லை. விரட்டிய இடத்துக்கு வேறு நாய் வந்து சேரும், அது மருந்து உண்ணாத நாயாகவும் இருக்கும். கொல்லுதல் அறமும் அன்று, சட்டமும் அன்று. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையில், பிடிக்கப்படும் தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வதோடு குடற்புழு நீக்கமும் செய்ய வேண்டும் என்று கூறப்பட்டது. கருத்தடையையும் வெறிநோய்த் தடுப்பூசியையும் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நடுவிலுள்ள குடற்புழு நீக்கம் என்னும் சொல்லைக் கவனிப்பார் இல்லை. கவனிக்கப்படாத அச்சொல்லே நமக்கு முக்கியம்.

இப்புழுவின் வழியில் அறுக்கத்தக்க கண்ணிகள் மூன்று உள்ளன. முதலாவது குட்டி. பிறந்து இரண்டாம் வாரத்திலேயே நாய்க்குட்டிக்குப் புழுநீக்க மருந்து கொடுத்து, எட்டாம் வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறையும், பின்னர் ஆறு மாதம் ஆகும்வரை மாதம் ஒருமுறையும் கொடுக்க வேண்டும். பூனைக்குட்டிக்கு மூன்றாம் வாரத்தில் தொடங்கலாம். தாய்க்கும் உடன் கொடுக்க வேண்டும். பைரண்டெல் போன்ற இம்மருந்துகள் எளிதிற் கிடைப்பவை. அளவு, குட்டியின் எடையைப் பொறுத்தது. அதனைக் கால்நடை மருத்துவர் கூறுவார். “குட்டி வளரட்டும், பிறகு பார்ப்போம்” என்று ஆறு மாதம் காத்திருப்பது, வெள்ளம் வடிந்தபின் அணை கட்டுவதாகும். முட்டைகளில் பெரும்பகுதி அந்த ஆறு மாதத்திற்குள்ளேயே மண்ணில் விழுந்துவிடுகிறது.

இரண்டாவது மண். முட்டை நச்சுத்தன்மை பெறச் சில நாட்களாவது ஆகும் என்று மேலே கூறினோம். அந்த இடைவேளை நமக்குக் கிடைத்த பேறு. அன்றன்றே மலத்தை மண்வெட்டியால் அள்ளி, பாத்தியிலிருந்து எட்டத்தில் ஆழமாகப் புதைத்துவிட்டால் அபாயம் அங்கேயே முடிகிறது. காய்கறிக்குப் போகும் எருக்குழியில் நாய் மலத்தையும் பூனை மலத்தையும் சேர்க்கலாகாது. வீடு கட்டக் கொட்டிய மணற்குவியலைப் பூனைகள் நாடும். குழந்தைகளும் நாடுவார்கள். அதனை இரவில் தார்ப்பாயால் மூடுக. பாவு நீட்டும் பாவடி நம் தொழிற்களம். பாவு இல்லாத நேரத்தில் அதுவே குழந்தைகளின் விளையாட்டுக் களம். நாய்கள் படுப்பதும் அங்கேதான். வீட்டு வாசலைத் தினம் பெருக்கிக் கோலமிடும் நாம், பாவடியைப் பெருக்குபவர் யார் என்று கேட்டதுண்டா?

மூன்றாவது வாய். உண்பதற்கு முன்னும், பாத்தியில் வேலை செய்த பின்னும், குட்டிகளோடு விளையாடிய பின்னும் சோப்பிட்டுக் கை கழுவுதல், குழந்தைகளின் நகத்தைக் குறைத்தல், கீரையையும் பச்சையாக உண்ணும் காய்களையும் பல நீரில் அலசுதல், ஈரலை நன்றாக வேகவைத்தல் ஆகியவை இக்கண்ணியை அறுக்கும். கொக்கிப்புழுவைப் போல் இது தோல் வழியே நுழைவதன்று. வாய் ஒன்றே வழி. அந்த ஒரு வழியை அடைத்தால் போதும்.

இவற்றுள் கை கழுவுதல் அவரவர் வீட்டு வேலை. ஆனால் முதல் இரண்டும் பொது வேலை. நான் என் நாய்க்கு மருந்து கொடுத்து, அடுத்த வீட்டார் கொடாவிடின், அவர் வீட்டுக் குட்டி என் பாத்திக்கு வருவதை வேலி தடுக்காது. ஒருவர் மட்டும் பாவுக்குக் கஞ்சி போட்டு, மற்றவர் இழை பிரிக்காமற் போனால் பாவு தேறுமா? நூலைக் கூட்டாக வாங்கி, விதையைக் கூட்டாக வாங்கி, விலையைக் கூட்டாகப் பேசக் கற்ற நாம், சில மருந்துப் புட்டிகளைக் கூட்டாக வாங்கத் தயங்குவது ஏன்?

ஆகவே, சங்கங்களின் நிர்வாகக் குழுக்கள் பின்வருவனவற்றைத் தங்கள் அடுத்த கூட்டத்திலேயே ஆராய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அங்கத்தினர் வீட்டு நாய்களையும் பூனைகளையும், குட்டி ஈன்ற நாளோடு, ஒரு பதிவேட்டில் குறித்தல். கால்நடை மருந்தக மருத்துவரை அழைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழுநீக்க முகாம் நடத்துதல். ஆண்டுதோறும் செப்டம்பர் 28-ஆம் நாளாகிய உலக வெறிநோய் நாளை ஒட்டித் தடுப்பூசி முகாம் நடக்குமாயின், அதனோடு இதையும் இணைத்தல். தெருநாய்க் குட்டிகளுக்கான மருந்துச் செலவைப் பொது நல நிதியிலிருந்து ஏற்றல். பாவடியையும் பொது இடங்களையும் நாள்தோறும் துப்புரவு செய்யத் தெருவுக்கு ஒரு முறை வகுத்தல். கருத்தடைப் பணிக்காக உள்ளாட்சி மன்றத்துக்கு எழுதி, விடை வரும்வரை விடாமல் எழுதுதல்.

“இது பஞ்சாயத்தின் வேலையன்றோ? சங்கத்தின் பணத்தை நாய்க்குச் செலவிடுவதா?” என்று பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து கேட்பார். கேட்கட்டும். செலவு நாய்க்கன்று, நம் குழந்தைக்கே என்பது அவருக்கு நாம் கூறும் விடை. மேலும், காரணம் அறியாது ஆண்டு முழுதும் இருமல் மாத்திரை வாங்கும் குடும்பத்தின் செலவையும், உழைப்பாளி ஒருவர் அயர்ச்சியால் தறியில் உட்கார மாட்டாத நாட்களின் கூலியையும் அவரே கணக்கிட்டுப் பார்க்கட்டும். பஞ்சாயத்து தன் கடமையைச் செய்யுமாயின் மகிழ்ச்சியே. அது செய்யும் வரை புழு காத்திராது.

குட்டி பிறந்த பதினான்காம் நாள் என்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். தவணை நாளை மறவாத நமக்கு இந்த நாளை நினைவில் வைப்பது அரிதன்று. சங்கத்தின் பதிவேட்டில் அந்நாள் குறிக்கப்பட்டு, அன்று மருந்தும் கொடுக்கப்படுமாயின், நம் தெருக் குழந்தைகள் அக்குட்டிகளோடு அச்சமின்றி விளையாடலாம்.